நனைந்த மூட்டைக்கு கூரை போட்ட ஸ்பிரிங் துரை! சென்னை துறைமுக கிடங்குகள் எழுந்த கதை

திண்டிவனம், பெருமுக்கல் பக்கம் போய் வேர்க்கடலை என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அது மல்லாட்டை. வியாபாரிகள் வாயில் மணிலா.

அந்த நாளில் தென்னாற்காடு மணிலா என்றால் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகள் வரை பெயர். பெரும்பாலும் புதுச்சேரி வழியாக கப்பல் ஏறியது. ரெயிலில் சென்னைக்கு வந்து கப்பல் ஏறியதும் உண்டு.

ஆனால் மணிலா ஒரு சங்கடமான சரக்கு. நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

சென்னையில் நனையாமல் கப்பல் ஏற்றுவது சாதாரண விஷயமாக இருக்கவில்லை!

மசூலா படகு

சென்னைக்கு இயற்கை துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கை சுமந்தது மசூலா படகு. ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளை தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

படகு பிழைத்துவிடும். மூட்டை பிழைக்குமா? கடலில் விழுந்தது போக மீதி ஈர மணலில் இறங்கும். "நனைஞ்ச சரக்குக்கு யார் பொறுப்பு?" என்ற சண்டை வேறு.

1861-ல் கடலுக்குள் ஒரு இறங்கு பாலம் கட்டினார்கள். 1868, 1872 புயல்கள் அதை பாழாக்கின. பிறகு வந்தவர் பார்க்ஸ் என்ற என்ஜினீயர். கரையில் இருந்து இரண்டு கைகளை நீட்டி கடலை வளைப்பதுபோல தடுப்புச் சுவர் போட திட்டம் தந்தார். 1876-ல் வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் கட்டிய சுவரில் பெரும் பகுதியை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் கட்டினார்கள்.

சுவர் வந்தது. ஆனாலும் கப்பல் கரையை ஒட்டி நிற்க வழி இல்லை. கிழக்கு பார்த்த வாசலில் அலையும் மணலும் புகுந்தன. மசூலா படகுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

வந்தார் ஸ்பிரிங்

1904-ல் துறைமுகத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார் பிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்துக்காரர். ரெயில்வே என்ஜினீயர். ஆற்றுக்கு கரை கட்டி அதன் போக்கை திருப்பும் வித்தை பற்றி புத்தகமே எழுதியவர்.

முதலில் வாசலை மாற்றினார். கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் திறந்தார்.

ரெயில்வேக்காரர் அல்லவா? துறைமுகத்தையும் ஒரு கூட்ஸ் ஸ்டேஷன் போல பார்த்தார். கப்பலை நேராக மேடையில் கட்ட வேண்டும். மேடை ஓரத்திலேயே ஷெட் வேண்டும். அதன் பின்னால் கிடங்கு. பக்கத்தில் ரெயில் தண்டவாளம். வெளியூர் மூட்டை வேகனில் இருந்து நேராக கூரைக்கு கீழே போய்விடும்.

ஷெட் வேறு, கிடங்கு வேறு. கப்பலில் இருந்து இறங்கிய சரக்கு முதலில் ஷெட்டில் தங்கும். சுங்க அதிகாரிகள் பார்த்து தீர்வை போடுவார்கள். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் ஏறும். நீண்ட நாள் தங்கும் சரக்குக்குத்தான் கிடங்கு. பாரிமுனை வியாபாரிகளுக்கு இந்த கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

1920 முடிவதற்குள் மேற்கு மேடையில் 4 கப்பல், கிழக்கிலும் தெற்கிலும் தலா ஒன்று நிற்க இடம் வந்துவிட்டது. ஷெட்டுகள், கிடங்குகள், ரெயில் யார்டு எல்லாம் தயார். ஸ்பிரிங் 1919-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

ஐகோர்ட்டு, எழும்பூர் ஸ்டேஷன் போல இந்த கிடங்குகளுக்கு கோபுரமும் குவிமாடமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கட்டியவர் பெயரை நகரம் சீக்கிரம் மறந்துவிட்டது.

30 ரூபாய் குமாஸ்தா

மேடை வேலைகள் நடந்த அதே காலத்தில், 1912 மார்ச் 1-ந் தேதி துறைமுக கணக்கு பிரிவில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். பெயர் ராமானுஜன்!

அவருக்கு கணக்கு எழுத காகிதம் போதாது. சரக்கு சுற்றி வந்த காகிதத்தை துறைமுகத்தில் தேடி அலைந்தார் என்று சொல்வார்கள். கண்டிப்பான துரையாக இருந்தால் சீட்டு கிழிந்திருக்கும். மேலதிகாரி நாராயண அய்யரும் ஸ்பிரிங்கும் அவருக்காக பரிந்து பேசினார்கள். 1914 மார்ச் 17-ந் தேதி இதே துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார் ராமானுஜன்.

அடுத்த 6 மாதத்தில், செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து குண்டு பொழிந்தது. எண்ணெய் டாங்குகள் தீப்பிடித்தன. "அவன் சரியான எம்டன்" என்ற பேச்சு இன்னும் நம் வாயில் இருக்கிறது.

நஷ்டம் யாருக்கு?

மூட்டை நனைவது நின்றது. படகோட்டிகள் வயிற்றில் அடி விழுந்தது. கப்பல் மேடைக்கே வந்த பிறகு மசூலா படகை யார் கூப்பிடுவார்கள்? தலைமுறை தலைமுறையாக அலையோடு போராடிய தொழில் மெல்ல மறைந்தது. துரையின் சாதனையை பேசுகிறவர்கள் இந்த கணக்கை சேர்ப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த கடற்கரையில் ஆண்டு முழுவதும் பார்த்தால் மணல் தெற்கில் இருந்து வடக்கே போகும். பார்க்ஸ் காலத்து சுவர்களே அதை மறித்துவிட்டன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு கரைக்கு மணல் வரவில்லை. கடல் கரையை தின்னத் தொடங்கியது.

1983-ல் சென்னை துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் வந்தது. இப்போது இரும்பு பெட்டியே சரக்குக்கு கூரை, சுவர், பூட்டு எல்லாம். ஷெட்டுக்கு பழைய மவுசு இல்லை.

மசூலா படகும் இல்லை. ஆனால் எண்ணூர் போகிற பஸ்சில் வலது பக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், கடலை தடுக்க கொட்டிய கருங்கல் குவியல் வழி நெடுக கூடவே வரும்.