சீனி வருத்தக்காரருக்கும் ஒரு துண்டு கேக்

நத்தாரும் புதுவருடமும், பிறந்தநாளும் திருமணமும் வந்தால் நம் நாட்டு இல்லங்களிற் கேக் இல்லாத மேசையைக் காண்பது அரிது. பலகாரத் தட்டோடு அதுவும் உரிமையுடன் வந்து அமர்ந்துவிட்டது. ஆனால் அத்தட்டு கூடத்தை வலம்வரும்போது, வீட்டின் மூத்தவர் ஒருவரை மட்டும் கடந்துசெல்கின்றது. "அவருக்குச் சீனி வருத்தம்" என்ற சொல்லோடு காரியம் முடிந்துவிடுகின்றது. ஒதுக்கப்பட்டவரோ, யாரும் காணாத வேளையில் அலுமாரியைத் திறந்து ஒன்றுக்கு மூன்றாக உண்டுவிடுவதும் உண்டு. தடையும் களவுமாக நடைபெறும் இவ்வாழ்க்கை நோயாளருக்கும் நன்றன்று, வீட்டாருக்கும் நன்றன்று.

1921ஆம் ஆண்டிற் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன்பு, கடும் நீரிழிவு கண்டவரைப் பட்டினியிற் கிடத்தியே சில காலம் உயிர்பிழைக்கச் செய்தனர். இன்று அந்நிலை இல்லை. அளவறிந்து உண்பவருக்கு இனிப்பு முற்றாக விலக்கப்பட்ட பொருளன்று. ஆயின், அளவை அறிவது எங்ஙனம்?

இவ்விடத்தில் நோயின் பெயரே நம்மை ஏமாற்றிவிடுகின்றது. "சீனி வருத்தம்" என்பதனாற் சீனி ஒன்றே பகைவன் என எண்ணி, அதற்குப் பதிலாகப் பனங்கட்டியையோ கித்துள் கருப்பட்டியையோ தேனையோ சேர்த்துவிட்டு நிம்மதியடைகின்றோம். பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசே. வெள்ளைச் சீனியும் அதுவே. தேனிலுள்ள குளுக்கோசும் பிரக்ரோசும் வெல்லங்களே. மணமும் நிறமும் வேறாயினும் இரத்தத்திற் சேர்வது ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொரு மறைவான பங்காளியும் உண்டு. கோதுமை மாவின் மாப்பொருள் சமிபாடடைந்து குளுக்கோசாகவே மாறுகின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா என்பது பட்டர் கேக்கின் பழைய அளவு. ஒரு இறாத்தல் 454 கிராம். மாவில் நூற்றுக்கு 76 பங்கு அளவில் மாப்பொருள். கேக்கை 40 துண்டுகளாக வெட்டினால், துண்டு ஒன்றிற் சீனி 11 கிராமும் மாப்பொருள் 9 கிராமுமாக, மொத்தம் 20 கிராம் காபோவைதரேற்று இருக்கும். சீனியை அடியோடு நீக்கினாலும் அந்த 9 கிராம் நீங்காது. கடைகளிற் "சீனியற்றது" என்று எழுதிய பிஸ்கற்றுப் பொதியை வாங்குவோரும் இதனை மறத்தலாகாது.

சீனியை நீக்குவதும் எளிதன்று. கேக்கில் அது இனிப்பை மட்டுமா தருகின்றது? பட்டரோடு சேர்த்து அடிக்கும்போது அதன் மணிகள் காற்றைச் சிறைப்பிடிக்கின்றன, நீரைப் பிடித்துவைத்து மென்மையைத் தருகின்றன, மேற்பரப்பைப் பொன்னிறமாக்குகின்றன. 1879இற் கண்டறியப்பட்ட சக்கரின் இனிப்பைத் தருமேயன்றி இவ்வேலைகளைச் செய்யாது. 1965இற் கண்டறியப்பட்ட அஸ்பாட்டேமோ போறணைச் சூட்டில் தன் இனிப்பையே இழந்துவிடும். ஆகவே, சீனியை எடுத்த இடத்தில் வேறு பொருள்களைக் கொண்டு அப்பணிகளை நிறைவேற்றுவதே அறிவுடைமை. அதற்கு ஒரு வழி வருமாறு:

குரக்கன் மா 50 கிராம், ஆட்டா மா 50 கிராம், வறுத்துத் தோல் நீக்கி இடித்த கச்சான் 100 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, கறுவாத்தூள் 1 தேக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, உப்புச் சிறிதளவு ஆகியவற்றைக் கலந்துகொள்க. குரக்கன் மாவை முன்னரே இலேசாக வறுத்தால் பச்சைவாடை நீங்கும். நன்கு கனிந்த வாழைப்பழச் சதை 200 கிராமைப் பிசைந்து, 3 முட்டை மஞ்சட்கருவும் 60 கிராம் எண்ணெயும் சேர்த்து அடித்து மாவுடன் கலக்குக. வெள்ளைக்கருவைத் தனியே நுரைபொங்க அடித்து, இறுதியில் மெதுவாகச் சேர்க்குக. 8 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, 180 பாகை செல்சியஸ் சூட்டில் 30 முதல் 35 நிமிடம் வரை சுடுக. ஈர்க்கினாற் குத்திப் பார்க்கும்போது மா ஒட்டாதிருத்தல் வேண்டும்.

இங்கே பழம் இனிப்போடு ஈரத்தையும் தருகின்றது. வெள்ளைக்கரு காற்றைத் தாங்குகின்றது. கறுவாவும் ஏலமும் குறைந்த இனிப்பை நாவுக்கு நிறைவாகக் காட்டுகின்றன. 16 துண்டுகளாக வெட்டினால், துண்டொன்றிற் காபோவைதரேற்று 8 அல்லது 9 கிராம். பட்டர் கேக்கிலுள்ளதிற் பாதிக்கும் குறைவு. எனினும் கச்சானிலும் எண்ணெயிலும் கொழுப்பு மிகுதி. எனவே ஒரு துண்டே போதுமானது. அதனையும் சோற்றுக்கு மேலாக உண்ணாது, சோற்றின் அளவைச் சிறிது குறைத்து உண்ணல் நன்று. வீட்டிற் குருதிச் சோதனைக் கருவி இருப்பின், உண்பதற்கு முன்னும் உண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் சோதித்தால், அவரவர் உடல் கூறும் விடையை அவரவரே அறிந்துகொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையையும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சில நேரம் குருதியில் வெல்லம் மிகக் குறைந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். அவ்வேளையில் இந்தக் கேக் உதவாது. எந்தக் கேக்கும் உதவாது. கொழுப்பு, வெல்லம் உட்செல்வதைத் தாமதிக்கச் செய்யும். விழுங்கக்கூடிய நிலையிலுள்ளவருக்குச் சீனி கரைத்த நீரோ குளுக்கோசோ உடனே கொடுத்தல் வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. ஆகவே, நீரிழிவுள்ள வீட்டிற் சீனிப் போத்தலை அடியோடு ஒழித்துவிடுதலும் தவறே.

இறுதியாக, இல்லத்தரசியருக்கு ஒரு வேண்டுகோள். இக்கேக்கை நோயாளருக்கென வேறாகச் சுட்டு, வேறு தட்டில் வைத்து, வேறு மேசையிற் கொடுக்காதீர்கள். பிள்ளைகளும் பேரரும் அதனையே உண்ணட்டும். பெற்றோருக்கு நீரிழிவு இருப்பின் மக்களுக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதியன்றோ? இளமையிலேயே இனிப்பைக் குறைத்து உண்ணப் பழகும் நா, முதுமையில் அதற்காக ஏங்கித் தவியாது. ஒரே தட்டு எல்லோரிடமும் செல்லட்டும். எவரையும் கடந்துசெல்ல வேண்டாம்.