கேட்டது எவ்வளவு? பயன்பட்டது எவ்வளவு?

கணினி மெதுவாக இயங்கத் தொடங்கினால், பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் நினைவகம் போதவில்லை என்பதுதான். உடனே கடைக்குச் சென்று கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்துகின்றனர். சில வேளைகளில் அதனால் பயன் கிடைக்கிறது. சில வேளைகளில் பணம் செலவான பின்னும் கணினி முன்போலவே தடுமாறுகிறது. ஏன் இந்த வேறுபாடு? ஒரு நிரல் தன் கையில் வைத்திருக்கும் நினைவகம் வேறு. அது உண்மையில் எடுத்துப் புழங்கும் நினைவகம் வேறு. இவ்விரண்டையும் பிரித்து அளக்கத் தெரிந்தால்தான் எது தேவை, எது வீண் என்று முடிவு செய்ய இயலும்.

இயங்கிக் கொண்டிருக்கும் நிரல் தன் கட்டளைகளையும் தரவுகளையும் வைத்துக்கொள்ளும் இடமே ரேம் எனப்படும் நினைவகம். இந்த நினைவகத்தின் வரலாற்றில் பினாங்குக்கும் ஓர் இடம் உண்டு. 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இன்டெல் நிறுவனம், முதலில் நினைவகச் சில்லுகளைச் செய்து விற்றே வளர்ந்தது. 1970இல் அது வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1024 பிட்டுகளை மட்டுமே தாங்கியது. 1972இல் அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை ஜோர்ஜ்டவுனுக்குத் தெற்கேயுள்ள பாயான் லெப்பாஸில் நிறுவியது. சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் அங்கு நடைபெற்ற பணிகள். அதன் பின்னர் பல நாட்டு நிறுவனங்கள் அங்கு வந்து சேர்ந்தன. வயல்வெளியாக இருந்த பகுதி மின்னணுத் தொழிலின் மையமாக மாறியது.

அக்காலத்தில் நினைவகம் மிகவும் விலையுயர்ந்த பொருள். பெரிய நிரல்களைச் சிறிய நினைவகத்தில் எவ்வாறு இயக்குவது என்பது அறிஞர்களின் பெருங்கவலையாக இருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் செயல்படத் தொடங்கிய அட்லஸ் கணினி இதற்கு ஒரு வழி காட்டியது. நிரலின் நினைவகத்தைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, தேவையானவற்றை மட்டும் நினைவகத்தில் வைத்து, மற்றவற்றை வெளியே சேமித்து வைப்பதே அந்த வழி. இத்துண்டுகளுக்குப் 'பக்கங்கள்' என்று பெயர். இன்றைய கணினிகள் பலவற்றில் ஒரு பக்கத்தின் அளவு 4096 பைட்டுகள். அந்த ஒரு பக்கத்தைத் தாங்க 1103 சில்லுகள் 32 தேவைப்பட்டிருக்கும். இன்றோ, 8 கிகாபைட்டு நினைவகம் கொண்ட ஒரு கைப்பேசியில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அடங்குகின்றன.

ஒரு நிரலின் நினைவகத்தை மூன்று வகையாக அளக்கலாம். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பகுதியிலுள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். கடைக்காரர் மொத்த வணிகரிடம் நூறு வகைப் பொருள்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அவற்றுள் அறுபது வகைகளே கடைக்கு வந்து சேர்ந்துள்ளன. அந்த அறுபதிலும் இன்று வாடிக்கையாளர்களுக்காகத் திறக்கப்பட்டவை இருபது டின்கள்தாம். சொல்லி வைத்தது நூறு. கடையில் இருப்பது அறுபது. கை பட்டது இருபது.

நிரலும் இவ்வாறே செயல்படுகிறது. அது இயங்குதளத்திடம் கேட்டுப் பெறும் மொத்த இடம் முதல் அளவு. கேட்ட இடம் முழுவதையும் இயங்குதளம் உடனே தந்துவிடுவதில்லை. பெரும்பாலும் நிரல் ஒரு பக்கத்தை முதன்முறையாகத் தொடும்போதுதான் அதற்கு உண்மையான இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்டு நினைவகத்தில் தங்கியிருக்கும் பக்கங்கள் இரண்டாம் அளவு. அவற்றுள் அண்மையில் எழுதவோ படிக்கவோ பயன்பட்ட பக்கங்கள் மூன்றாம் அளவு. இம்மூன்றாவதே நிரலின் உண்மைத் தேவையைக் காட்டுவது.

இந்த மூன்றாம் அளவுக்கு ஒரு தெளிவான வரையறை தந்தவர் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர். 1968இல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில், கடந்து சென்ற ஒரு குறிப்பிட்ட கால அளவுக்குள் ஒரு நிரல் தொட்ட பக்கங்களின் கூட்டத்தை அவர் தனியே பிரித்துக் காட்டினார். அக்கூட்டத்தைத் தமிழில் 'பணித்தொகுதி' எனலாம். இயங்கும் நிரல்களின் பணித்தொகுதிகள் யாவும் நினைவகத்தில் அடங்கினால் வேலை தடையின்றி நடக்கும். அடங்காவிட்டால், ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர வேறொன்றை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றியதே அடுத்த நொடியில் மீண்டும் தேவைப்படும். கணினி தன் நேரத்தை எல்லாம் பக்கங்களை இழுப்பதிலும் தள்ளுவதிலும் செலவழிக்கும். சுழலும் வன்தட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுப்பது நினைவகத்திலிருந்து எடுப்பதைவிட ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு மெதுவானது. ஆகவே, கணினி உறைந்துவிட்டதைப் போலத் தோன்றும்.

பணித்தொகுதியை அளப்பது எப்படி? மீண்டும் மளிகைக் கடைக்கே வந்தால், காலையில் ஒவ்வொரு டின்னின் மூடியின்மீதும் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட வேண்டும். டின்னைத் திறந்தால் காகிதம் கிழியும். மாலையில் கிழிந்த காகிதங்களை எண்ணினால் அன்று பயன்பட்ட டின்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். கணினியில் அந்தக் காகிதத்தின் வேலையைச் செய்வது ஒரே ஒரு பிட்டு. நிரலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. நிரல் அப்பக்கத்தைத் தொட்டவுடன், அக்குறிப்பிலுள்ள ஒரு பிட்டைச் செயலிச் சில்லு தானாகவே 1 என மாற்றிவிடும். 1985இல் வெளிவந்த இன்டெலின் 386 செயலியிலேயே இவ்வசதி இருந்தது. அளக்க விரும்பும் மென்பொருள், முதலில் அந்தப் பிட்டுகள் அனைத்தையும் 0 ஆக்கும்; சிறிது நேரம் காத்திருக்கும்; பிறகு 1 ஆக மாறியவற்றை எண்ணும். லினக்ஸ் இயங்குதளத்தில் இதனைச் செய்வதற்கான வசதி அமைந்துள்ளது.

ஓர் இணைய உலாவி 1000 மெகாபைட்டு இடம் கேட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 400 மெகாபைட்டு நினைவகத்தில் தங்கியிருக்கிறது. பிட்டுகளை அழித்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து எண்ணினால் 90 மெகாபைட்டு அளவுள்ள பக்கங்களே தொடப்பட்டிருக்கின்றன. நாற்பது இணையப் பக்கங்களைத் திறந்து வைத்து, இரண்டை மட்டும் படிப்பவரின் கணினியில் இப்படி நேர்வது இயல்பே. அந்த ஒரு நிமிடத்தில் உலாவி உண்மையில் பயன்படுத்தியது 90 மெகாபைட்டுதான்.

ஆயினும், இந்த அளவைக் கவனமாகக் கையாள வேண்டும். முதலாவதாக, காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து விடை மாறும். காகிதம் ஒட்டிய பத்தே நிமிடத்தில் எண்ணினால் சர்க்கரையும் தேயிலையும் மட்டுமே கணக்கில் வரும். ஓர் ஆண்டு கழித்து எண்ணினால், பொங்கலுக்கு மட்டும் விற்கும் பொருள்களும் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரு நாளின் தேவையைக் காட்டா. இரண்டாவதாக, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பைட்டைத் தொட்டாலும் 4096 பைட்டுகளும் கணக்கில் ஏறும். மூன்றாவதாக, பிட்டுகளை அழித்து மீண்டும் எழுதச் செய்வதால் நிரலின் வேகம் சற்றுக் குறையும். அளக்கும் செயலே அளக்கப்படுவதைப் பாதிக்கிறது. பெயரைக் கண்டும் ஏமாறக்கூடாது. விண்டோஸ் இயங்குதளம் 'வொர்க்கிங் செட்' என்று காட்டும் எண், நினைவகத்தில் தங்கியுள்ள பக்கங்களையே குறிக்கிறது. அவை அனைத்தும் அண்மையில் தொடப்பட்டவை என்று பொருளாகாது.

இந்த அளவீட்டால் கிடைக்கும் பயன் பெரிது. பணித்தொகுதிகளின் கூட்டுத்தொகை நினைவகத்தின் அளவை மிஞ்சினால், சில நிரல்களை மூடுவதோ கூடுதல் நினைவகம் வாங்குவதோ பலன் தரும். மிஞ்சாவிட்டால் குறை வேறெங்கோ இருக்கிறது. செயலியின் வேகத்தையும் வன்தட்டையும் இணையத் தொடர்பையும் ஆராய வேண்டும். அப்போது நினைவகத்துக்குச் செலவிடும் பணம் வீணாகும். நன்றாக உழைக்கக்கூடிய பழைய கணினி ஒன்று, அளந்து பாராததால் குப்பைக்குச் செல்லவும் நேரலாம். ஒரு வீட்டுக்கோ பள்ளிக்கோ அது சிறிய இழப்பன்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆற்று நீரைப்போல் இன்று நினைவகம் பெருகியிருக்கிறது. ஆனாலும், எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு, எதனை அளக்கிறோம் என்று அறிந்து அளப்பவருக்கே அந்த எண் உண்மையைச் சொல்லும்.