வெயில் மேல் பழி

சித்திரை பிறந்துவிட்டால் திருச்சியில் புல் வெட்டும் மிஷின்கள் மக்கர் பண்ண ஆரம்பிக்கும். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பிய இன்ஜின் பத்து மணிக்கு மேல் திணறும். கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். அப்புறம் சூடு ஆறும்வரை கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் மசியாது. பெல் டவுன்ஷிப் புல்வெளியாகட்டும், ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பாகட்டும், கேட்டால் பதில் ஒன்றுதான்: “வெயில் சார். மிஷினும் பழசு.”

வெயிலுக்கும் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவை வாங்கிக் கட்டிக்கொள்ளும் பழி அளவுக்குப் பங்கு இல்லை.

கணக்காகவே பார்ப்போம். இந்த மிஷின்களில் இருப்பவை பெரும்பாலும் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்கள். 1983இல் அறிமுகமான ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசையும், அமெரிக்காவில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் இன்ஜின்களும் உலகெங்கும் இந்த வேலையைச் செய்கின்றன. 163 சிசி ஜிஎக்ஸ் 160 தன் முழு வேகத்தில் சுமார் 3.6 கிலோவாட் திறன் தரும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இப்படி வேலையாக மாறுகிறது. மிச்சத்தில் ஒரு பெரும் பகுதி புகையோடு சைலன்ஸர் வழியே போய்விடும். இன்னொரு பகுதி, தோராயமாக 4 கிலோவாட், சிலிண்டர் சுவரிலும் ஹெட்டிலும் இறங்கும். இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து, அத்தனை சூட்டையும் ஒரு சொம்பு அளவுள்ள அலுமினியக் கட்டிக்குள் செலுத்துவது போன்றது இது. லாரியிலும் காரிலும் இந்தச் சூட்டை எடுத்துப்போகத் தண்ணீரும் ரேடியேட்டரும் உண்டு. இங்கே காற்றைத் தவிர வேறு கதி இல்லை.

காற்று எவ்வளவு வேண்டும்? உள்ளே வரும் காற்று 50 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், 4 கிலோவாட்டை அகற்ற நொடிக்கு ஏறக்குறைய 70 லிட்டர் காற்று வேண்டும். ஒரு தண்ணீர்க் கேன் 20 லிட்டர். அப்படி மூன்றரைக் கேன் காற்று, ஒவ்வொரு நொடியும்.

இப்போது வெயிலுக்கு வருவோம். மார்கழிக் காலையில் 25 டிகிரி, சித்திரை நண்பகலில் 40 டிகிரி. வித்தியாசம் 15. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் ஹெட்டின் சூடும் கிட்டத்தட்ட அதே 15 டிகிரிதான் ஏறும். ஏற்கெனவே 200 டிகிரியை ஒட்டி ஓடக்கூடிய உலோகத்துக்கு இது ஒரு சுமைதான்; ஆனால் சாவு மணி அல்ல. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் இன்ஜின் பலமும் கொஞ்சம் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 5.6 டிகிரிக்கும் ஒரு சதவீதம் போகும் என்பது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் சொல்லும் கணக்கு. 40 டிகிரியில் மூன்று சதவீதம்கூடத் தேறாது. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினை நிறுத்திவிட இது போதாது.

அப்படியானால் நிறுத்துவது எது? பெரும்பாலும் புல்தான்.

சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய தகடுகளை மெக்கானிக்குகள் ஃபின் என்பார்கள். ஃபின்னின் வேலை பரப்பைக் கூட்டுவது. உள்ளங்கை அகல உலோகத்தைப் பல மடங்கு விரித்துக் காற்றோடு உரச வைக்கிறது. இன்ஜின் தலைப்பக்கம் சுழலும் ஃப்ளைவீலில் சிறு இறக்கைகள் இருக்கின்றன. அவைதான் விசிறி. மேலே உள்ள வலை வழியாகக் காற்றை உறிஞ்சி, தகட்டுக் கவருக்குள் தள்ளி, ஃபின்களின் சந்துகளில் புகுத்தி, மறுபக்கம் வெளியேற்றும். வெட்டிய புல்லின் துகளும் காவிரிக் கரையின் நுண்மணலும் அதே வழியில்தான் உள்ளே வருகின்றன. வால்வு கவரிலோ பிரீதரிலோ துளி ஆயில் கசிந்தால் போதும், அத்தனையும் ஃபின்னில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த புல் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மோசமானது. சந்து பாதி அடைத்தாலே காற்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு லேசான வழியாகப் பாய்ந்துவிடும். அதனால் சிலிண்டரின் ஒரு பக்கம் மட்டும் தீய்ந்து, உருண்டையான துளை கோணலாகும். பிஸ்டன் இறுகிக்கொள்வது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில்தான் நம்மூர் வைத்தியம் ஒன்று வரும். “அண்ணே, தகட்டக் கழட்டிப் போட்டுட்டேன், இனி நல்லா காத்து வாங்கும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெந்துகொண்டிருப்பவரின் சட்டையைக் கழற்றிவிட்ட திருப்தி. ஆனால் அந்தத் தகட்டுக் கவர் சட்டை அல்ல, காற்றின் வாய்க்கால். அது இல்லாவிட்டால் விசிறி தள்ளும் காற்று ஃபின்களுக்குள் புகாமல் நாலாப்பக்கமும் சிதறிப்போகும். புல்லட்டில் இப்படிக் கவர் இல்லையே என்று கேட்கலாம். ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று தானாக மோதுவதால் புல்லட்டுக்கு விசிறியும் வேண்டாம், தகடும் வேண்டாம். ஆனால் பின்னால் இன்ஜின் வைத்த பழைய பஜாஜ் ஆட்டோவைத் திறந்து பாருங்கள், விசிறியும் அதைச் சுற்றிக் கவரும் இருக்கும். 2003 வரை மெக்ஸிகோவில் தயாரான ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் அதே ஏற்பாடுதான். நின்ற இடத்திலோ நடை வேகத்திலோ வேலை செய்யும் இன்ஜினுக்குத் தகட்டுக் கவரும் இன்ஜினின் ஓர் உறுப்பே. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால்கூட ஒரு துண்டுத் தகடு வைத்து அடைப்பது நல்லது.

கவரைக் கழற்ற வேண்டியது சுத்தம் செய்வதற்கு. நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. ஸ்ரீரங்கம் தீவின் மணல் பாங்கான தோப்புகளில் பாதி நேரத்திலேயே செய்துவிடலாம். முதலில் பிளக் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். சில போல்ட்டுகளைக் கழற்றினால் கயிறு ஸ்டார்ட்டரும் கவரும் கையோடு வந்துவிடும். உள்ளே பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்: எக்ஸாஸ்ட் பக்கம் கருகிய புல் கெட்டிப்பட்டு, ஃபின்கள் இருப்பதே தெரியாது. வாரக்கணக்கில் சும்மா நின்ற மிஷினில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சில சமயம் அணில் நார் சேர்த்து வைத்திருக்கும். இதையெல்லாம் எடுக்கத் தென்னை ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி இன்னும் கடைக்கு வரவில்லை. சந்துக்குள் வளைந்து போகும், அலுமினியத்தைக் கீறாது. ஆயில் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ், பிறகு துணி. பிரஷர் தண்ணீர் வேண்டாம், இக்னீஷன் காயிலுக்குள் போய்விடும். சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கொடுமை. ஹெட் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடலாம்.

சூட்டைப் போக்குவது ஒரு பக்கம். அது உண்டாவதையே குறைப்பது இன்னொரு பக்கம். மொட்டைக் கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும். அதற்கு இன்ஜின் கூடுதல் பெட்ரோல் எரிக்க வேண்டும், கூடுதல் சூடு. கத்தியைச் சாணை பிடித்தால் ஹெட் குளிரும் என்பது வேடிக்கையாகப் படலாம், ஆனால் உண்மை. பழைய மிஷின் பாவம் என்று திராட்டிலைக் குறைத்து அடர்ந்த புல்லில் ஓட்டுவதும் தவறு. சுமை குறையாது, விசிறியின் வேகம் மட்டும் குறையும். முழு வேகத்தில் ஓட்டி, ஒரு நடைக்கு வெட்டும் அகலத்தைக் குறைப்பதே சரி. வேலை முடிந்ததும் படக்கென்று நிறுத்தாமல் சுமையின்றி இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். விசிறி நின்ற பிறகு ஹெட்டில் தேங்கிய சூடு கார்பரேட்டருக்குப் பரவி, பெட்ரோல் ஆவியாகி அடைப்பதும் உண்டு.

கார்பரேட்டருக்கும் சூட்டுக்கும் வேறொரு உறவும் இருக்கிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை இன்ஜினைச் சூடாக்கும். ஜெட்டில் தூசி அடைத்தால் இதுதான் நடக்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட்டிலேயே அதை ஓட்டும்போது கலவை சற்றுக் காற்று மிகுந்ததாகிவிடுகிறது. புதிய வண்டிகளின் கணினி அதைச் சரிசெய்துகொள்ளும்; புல் வெட்டும் மிஷினில் கணினி ஏது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி, வெள்ளை வெளேரென்று இருந்தால் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம்.

ஆயிலும் ஒரு கூலன்ட்தான். ஜிஎக்ஸ் 160இல் மொத்தமே 0.6 லிட்டருக்குள். தேய்ந்த ரிங் வழியே அதில் கொஞ்சம் எரிந்துபோனாலும் மிச்ச ஆயில் கூடுதல் வேலை பார்க்க வேண்டும். பழைய இன்ஜினில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் பார்ப்பது வீண் பயம் அல்ல.

சூட்டை அளந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுக்க வேண்டாம். அது காய்ச்சல் அளவைத் தாண்டிக் காட்டாது. தொழிற்சாலை ரகம் வேண்டும். அதிலும் பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்பைக் குறைவாகவே உமிழும் என்பதால் அளவு தப்பாக, குறைவாகக் காட்டும். சைலன்ஸருக்குப் பூசும் கறுப்புப் பெயின்ட்டை ஹெட்டில் ஒரு பொட்டு வைத்து, அந்த இடத்தில் பிடித்தால் நம்பலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சூட்டில் நின்றால் வயதைச் சந்தேகிக்கலாம். சூட்டில் நின்ற இன்ஜினை மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதல் இழுப்பிலேயே கிளம்பும். “நல்லாத்தானே ஓடுது?” என்பார் மெக்கானிக். அவர் மேல் குறை இல்லை. சோதனையை நின்ற இடத்திலேயே, நின்ற கணத்திலேயே செய்ய வேண்டும். பெட்ரோல் வாடையிலிருந்து விலகி, வேறொரு பிளக்கை வயரில் மாட்டி ஹெட்டில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் பொறி வருகிறதா? வராவிட்டால் காயில், அதன் உள்சுற்று சூட்டில் விரிந்து அறுபடுகிறது, ஆறினால் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. பொறி வந்து, கயிறு மட்டும் வழக்கத்தைவிட லேசாக இழுபட்டால் வால்வு. சீட் தேயத் தேய வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வரும், சூட்டில் முற்றிலும் இல்லாமல் போய் வால்வு மூடாது. ஜிஎக்ஸ் 160க்கு, இன்ஜின் குளிர்ந்திருக்கையில், இன்லெட் 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.20. ஒரு ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும் இருந்தால் முடிகிற வேலை. சிலிண்டரை போர் பண்ண லேத்துக்குத் தூக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.