நோய் வராமை வேறு, எதிர்ப்பாற்றல் வேறு

வடக்கு அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஃபாரோ தீவுகளில் 1846ஆம் ஆண்டு தட்டம்மை பரவியபோது, அங்கு வாழ்ந்த சுமார் 7,800 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். அதை ஆராய அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும், 65 ஆண்டுகளுக்கு முன்பு அதே தீவுகளில் பரவிய தட்டம்மைக்கு ஆளாகிப் பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட நோய் மீண்டும் தொடவில்லை எனக் கண்டறிந்தார்.

முதியவர்கள் தப்பியதற்கு வயதே காரணமாக இருக்கலாமே என்ற ஐயத்துக்கும் அவரது பதிவுகளில் விடை இருந்தது. இளமையில் தட்டம்மை வராத முதியவர்கள், தொற்று நெருங்கியபோது மற்றவர்களைப் போலவே நோயுற்றனர். இடைப்பட்ட காலத்தில் தீவுகளில் தட்டம்மை பரவாததால், அடிக்கடி தொற்றுடன் பழகியதே எதிர்ப்பாற்றலைப் புதுப்பித்தது என்று வாதிடவும் இடமில்லை.

இயற்கையே பானுமுக்கு அமைத்துக் கொடுத்த இந்த ஒப்பீட்டை, நோய் மக்களிடையே பரவும் விதத்தை ஆராயும் நோய்ப்பரவலியலாளர்கள் இன்று திட்டமிட்டு உருவாக்க வேண்டியுள்ளது. ஒருமுறை கொரோனா வந்தவர், இனி வராது என்ற நம்பிக்கையில் கூட்டங்களில் தாராளமாகப் பழகினால் அவரது எதிர்ப்பாற்றல் ஆய்வில் குறைவாகத் தோன்றும். அதே நம்பிக்கையில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் மிகையாகத் தோன்றும். அறிகுறியின்றித் தொற்று வந்துபோனவர்கள் தொற்றாதவர் பட்டியலில் சேர்ந்துவிட்டாலோ, இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடே மங்கிவிடும்.

பிரிட்டனில் 2020ஆம் ஆண்டு தொடங்கிய 'சைரன்' ஆய்வு இச்சிக்கல்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு ஓரளவு ஒத்திருக்கும் மருத்துவமனைப் பணியாளர்களைச் சேர்த்து, முந்தைய தொற்றின் தடயமான எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்று சோதித்து இரு குழுக்களாகப் பிரித்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிசிஆர் பரிசோதனை செய்தனர். இங்கிலாந்தில் 25,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்ததில், முன்தொற்று மறுதொற்றின் ஆபத்தை 84 விழுக்காடு குறைத்தது தெரியவந்தது. ஆயினும் இது அன்று பரவிய வைரஸ் திரிபுகளுக்கான கணக்கே. பின்னர் ஒமிக்ரான் திரிபு பரவியபோது, கத்தார் நாட்டில் முன்தொற்று தந்த பாதுகாப்பு ஏறத்தாழ 56 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

எதிர்ப்பொருள் 'உண்டு, இல்லை' என்று இரண்டாகப் பிரிப்பதும் எல்லா வைரஸ்களுக்கும் பொருந்துவதில்லை. நிகராகுவாவின் மனாகுவா நகரில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியான டெங்கு ஆய்வு, எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் பாதுகாப்பு கிடைப்பதையும், ஒரு குறிப்பிட்ட இடைநிலை அளவில் இருந்தால் கடுமையான டெங்குவின் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் உயர்வதையும் காட்டியது. இருபிரிவாக மட்டும் பகுத்திருந்தால் இந்த ஆபத்து சராசரிக்குள் மறைந்திருக்கும். முன்தொற்றின் வரலாறு மருத்துவ முடிவுகளையே மாற்றக்கூடியது என்பதற்கு டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி சான்று: டெங்கு தொற்றே வராதவர்களுக்கு அது பின்னாளில் தீங்காகக்கூடும் எனத் தெரிந்ததும், முன்தொற்று உறுதியானவர்களுக்கு மட்டும் அதைப் போடுவதே விரும்பத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது.