அடிநாதம் – 11: விரலின் பலத்தை அளக்கும் பெட்டி

போன வாரம் கம்ப்ரஸரோடு நிறுத்தினோம். பெடல்போர்டில் அதற்கு முதல் இடம் கொடுத்திருந்தோம். இந்த வாரம் ஃபில்டர் உள்ளே வருவதால் வரிசை மாறுகிறது: பேஸ் கிட்டாரிலிருந்து வரும் வயர் நேராக ஃபில்டருக்குப் போகட்டும், கம்ப்ரஸர் அதற்கு அடுத்து நிற்கட்டும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் ஃபில்டரையே பாதி புரிந்துகொண்ட மாதிரி. என்வலப் ஃபில்டர் என்பது உங்கள் விரல் கம்பியை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று விடாமல் அளந்துகொண்டிருக்கும் பெட்டி. ஓங்கி இழுத்தால் அதன் கதவு அகலத் திறந்து, ஒலியின் மேல்பகுதியில் உள்ள கூர்மை வெளியே வரும். ஒலி தேயத் தேயக் கதவு சாத்திக்கொள்ளும். இந்தத் திறப்பும் மூடலும்தான் நம் காதில் ‘வாவ்’ என்று விழுகிறது. கம்ப்ரஸரோ பலத்தையும் மெலிவையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. அப்படி மட்டமாக்கிய ஒலியைக் கொடுத்தால் ஃபில்டருக்கு அளக்க எதுவும் மிச்சமிருக்காது.

இந்தக் குடும்பத்தின் மூத்த பெட்டி மியூ-ட்ரான் III. மைக் பைகல் வடிவமைக்க, அமெரிக்காவின் மியூசிட்ரானிக்ஸ் நிறுவனம் 1972-இல் வெளியிட்டது. உள்ளே நடப்பது அழகான வேலை. நீங்கள் கம்பியைத் தட்டியதும் ஒரு குட்டி விளக்கு எரிகிறது. பலமாகத் தட்டினால் பிரகாசமாக, மெதுவாகத் தட்டினால் மங்கலாக. அதன் எதிரே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு பாகம். அந்த மின்தடைதான் ஃபில்டரை மேலும் கீழும் நகர்த்துகிறது. விரலின் பலம் வெளிச்சமாகி, வெளிச்சம் ஒலியின் நிறமாகிறது. ஸ்டீவி வொண்டர் 1973-இல் ‘ஹையர் கிரவுண்ட்’ பாடலில் கிளாவினெட்டை இதன் வழியாகத்தான் வாசித்தார். பேஸ் கிட்டாரில் இதை உலகறியச் செய்தவர் பூட்ஸி காலின்ஸ். அதே பைகல் தொண்ணூறுகளில் எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் நிறுவனத்துக்காக க்யூ-ட்ரானை வடிவமைத்தார்.

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் வாசிக்கும் பேஸ்காரனுக்கு இந்த ஒலி அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதற்குப் பின், இந்த மலையின் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். லயங்களுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. திருவிழா என்றால் உறுமி. இன்று கொழுந்து பறிக்க மிஷின் வந்துவிட்டது, வேலையாட்களில் வெளிநாட்டவர் பெருகிவிட்டார்கள், நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் தைப்பூசத்துக்கு மேளம் கட்ட ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

உறுமி வாசிப்பவரின் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கருவியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார். மறு முகத்தில் வளைந்த குச்சியை ஊன்றி, அழுத்தி, இழுக்கிறார். தோல் முனகுகிறது. அழுத்தம் கூடினால் ஒலி ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. மணிக்கட்டு அசைவது கண்ணுக்குத் தெரிவதே கடினம், ஆனால் ஒலி கோயில் வாசலைத் தாண்டிப் போகிறது. கை எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு ‘வாய்’ திறக்கும் கருவி இது. மியூ-ட்ரான் விளக்கை வைத்துச் செய்ததை உறுமி தோலை வைத்துச் செய்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு, வாசிப்பவருக்கு அது மிக முக்கியம். உறுமியில் சுருதியே வழுக்குகிறது. ஃபில்டரில் சுருதி அசையாது, ஒலியின் நிறம் மட்டும் மாறும். ஆகவே இரண்டும் சேர்ந்து வாசிக்கும்போது பேஸ் தரையில் நிற்கலாம், உறுமி அதன்மேல் வழுக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் மேல்நோக்கி ஏறினால் எது எது என்று பிரித்துக் கேட்க முடியாது. பல பெட்டிகளில் ‘அப்’, ‘டவுன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெரும்பாலோர் அதை ‘அப்’பிலேயே விட்டுவிடுகிறார்கள். உறுமியோடு வாசிக்கும் நாளில் ‘டவுன்’ போட்டுப் பாருங்கள். உறுமி ஏறும்போது நீங்களும் ஓங்கி இழுத்தால் உங்கள் ஒலி மூடிக்கொண்டு இறங்கும், தவிலுக்கும் பம்பைக்கும் இடம் கிடைக்கும். அடி ஓய்ந்ததும் பேஸ் மெல்லத் திறக்கும். எனக்கு மிகப் பிடித்த சேர்க்கை இது.

அடுத்து, எல்லோரும் சொல்லும் குறை. “அண்ணே, பெடலை மிதிச்சதும் பேஸே காணாமப் போவுது” என்று கேமரன் மலையின் பிரிஞ்சாங் ஊரில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான். சுவிட்ச் ‘பேண்ட்பாஸ்’ நிலையில் இருந்தது. நான்கு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியின் அடி ஒலி 41 ஹெர்ட்ஸ். பேண்ட்பாஸ் நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் வெட்டிவிடும். லீட் கிட்டாருக்கு அது பொருந்தும், நமக்கு அடியே போய்விடும். ‘லோபாஸ்’ நிலைக்கு மாற்றியதும் தம்பிக்குப் பாதி பேஸ் திரும்பிவிட்டது. மீதிப் பாதி ‘பிளெண்ட்’ குமிழில் இருக்கிறது. ஃபில்டர் படாத சுத்தமான ஒலியைக் கூடவே கலந்துவிடும் குமிழ் அது. பேஸுக்கென்று ஃபில்டர் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் பார்க்க வேண்டியது அது இருக்கிறதா என்பதைத்தான்.

‘பீக்’ அல்லது ‘ரெசனன்ஸ்’ குமிழில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். திறப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்து ஒலியை அது துருத்திக் காட்டும். வீட்டில் ஹெட்போனில் சுவையாக இருக்கும். தோட்டத்து மண்டபத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் கூரை கடகடவென்று ஆடும். கம்ப்ரஸரை ஃபில்டருக்குப் பின்னால் வைத்ததன் இரண்டாவது பலன் இங்கே கிடைக்கிறது: துருத்திய ஒலியை அது அமுக்கிப் பிடிக்கும், ஸ்பீக்கரும் பிழைக்கும்.

ஆக்டேவ் பெடல் இருந்தால் அதை மட்டும் ஃபில்டருக்கு முன்னால் வைக்கலாம். அதற்குச் சுத்தமான ஒலி வேண்டும், ஃபில்டருக்கு மென்று தின்னக் கொழுப்பான ஒலி வேண்டும். ஒலியைக் கரகரக்கச் செய்யும் ஃபஸ் பெடல் அப்படியல்ல. அது நிறைய உபசுரங்களைக் கொடுத்தாலும் பலத்தையும் மெலிவையும் நசுக்கிவிடும். க்யூ-ட்ரான் ப்ளஸ்ஸில் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெட்டி முதலில் விரலின் பலத்தை அளந்துகொள்ளும், பிறகு ஒலி ஃபஸ்ஸுக்கு வெளியே போய்த் திரும்பி வந்து ஃபில்டரில் நுழையும்.

எங்கே மிதிக்கக் கூடாது என்பதும் சொல்ல வேண்டும். இளையராஜாவின் பாட்டு வாசிக்கிறீர்கள் என்றால் காலை எடுத்துவிடுங்கள். அங்கே பேஸ் இரண்டாவது மெட்டாக, சுரம் சுரமாக நடந்து போகும். அந்த நடையின் ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஃபில்டர் அதைக் கொழகொழக்கச் செய்துவிடும். அவர் இசையமைத்த ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் ராப்பாக மறுபடி செய்தார்கள். 1980-இல் வந்த மூலப்பாட்டை மேடையில் வாசித்தால் ஃபில்டர் வேண்டாம். ராப் வடிவத்தை எடுத்தால், ஒன்றிரண்டு சுரத்திலேயே சுற்றும் இடங்களில் தாராளமாக மிதிக்கலாம். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும்போதுதான் நிறம் மாறுவது கேட்பவருக்குப் புரியும்.

இனி மலைக்கே உரிய சில விஷயங்கள். சாயங்காலம் பனி இறங்கியதும் விரல் விறைக்கும், இழுப்பு தானாகவே மெலியும். ஈப்போவில் பயிற்சி செய்தபோது வைத்த ‘சென்சிட்டிவிட்டி’ அளவு பிரிஞ்சாங்கில் போதாது. மேடை ஏறி, விரல் சூடாகும் வரை இரண்டு பாட்டு ஃபில்டர் இல்லாமல் வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு குமிழைத் திருப்புங்கள். ஈரக் காற்றில் கம்பி சீக்கிரம் மங்கும். மங்கிய கம்பியில் மேல் ஒலிகள் குறைவு என்பதால் கதவு திறந்தாலும் வெளியே வர ஒன்றுமிருக்காது. வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து வையுங்கள்.

கடைசியாக இரைச்சல். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான 9 வோல்ட் அடாப்டர் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் முனகும். நம் பேஸின் ஜி கம்பியைத் திறந்து அடித்தால் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதினால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி அலைபாயும். ஃபில்டர் சும்மா இருந்தால் அது காதில் படாமல் போகலாம். பீக்கை ஏற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஃபில்டர் நகர்ந்தால் முனகல் பெரிதாகி முன்னால் வரும். கிட்டார் சுருதி சேரவில்லை என்று நினைத்து மேடையில் திருகாணியைத் திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுருதி சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். இரண்டாவது ஃபில்டர் வாங்கச் சேர்த்த காசு இருந்தால் அதை முதலில் இதற்குச் செலவிடுங்கள். பவர் சப்ளையை எப்படிப் பார்த்து வாங்குவது, எத்தனை மில்லி ஆம்பியர் வேண்டும் என்ற கணக்கை அடுத்த வாரம் போடுவோம்.

(தொடரும்)