மரத்தடியில் ஒரு பாடம்

கேரளாவில் ஏப்ரல் மாத நடுவில் விஷு பண்டிகை வரும். அன்று விடியற்காலையில் கண் விழித்ததும் மக்கள் கணி காண்பார்கள். கணியில் நெல், காய், பழம் இருக்கும். மஞ்சள் நிறக் கொன்றைப் பூவும் இருக்கும்.

கொன்றை கோடையில் பூக்கும் மரம். ஆனால் இப்போது சில மரங்கள் பிப்ரவரி மாதமே பூத்து விடுகின்றன. விஷு வருவதற்குள் பூ உதிர்ந்து போகிறது.

ஏன் இப்படி?

மரத்துக்குக் காலண்டர் கிடையாது. வெயிலையும் மழையையும் வைத்தே அது காலத்தை அறியும். இன்று அந்த வெயிலும் மழையும் மாறி வருகின்றன. நாம் நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கிறோம். அதனால் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. அது பூமியின் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியது.

பூ முன்னே பின்னே பூத்தால் என்ன நஷ்டம்?

பூத்த நேரத்தில் தேனீயும் வண்டும் வராவிட்டால் காய் பிடிக்காது. அவை வரும் நேரத்தில் பூ இல்லாவிட்டால் அவற்றுக்கு இரை இல்லை. மாமரம் காலம் தவறிப் பூத்தால் விவசாயியின் வருமானமும் குறையும்.

குழந்தைகள் எழுதும் கணக்கு

இந்த மாற்றத்தை மாணவர்கள் நேரில் பார்த்துக் கற்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இந்தியாவில் தொடங்கியது. கேரளப் பள்ளிகள் பல இதில் சேர்ந்தன.

ஒவ்வொரு மாணவரும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வாரம் ஒரு முறை அதே மரத்தடிக்குப் போகிறார். தளிர் உண்டா? மொட்டு உண்டா? பூ, காய், பழம் உண்டா? இல்லை, கொஞ்சம், நிறைய என்று தேதி போட்டு எழுதுகிறார்.

ஒரு மரம் ஒரு வருடம் முன்னதாகப் பூத்ததை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பல ஊர் மரங்களைப் பல வருடம் பார்க்க வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும். அதனால் எல்லாருடைய கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

முன்பு எந்த மாதம் எந்த மரம் பூத்தது? இது ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எழுதி வைக்காத நினைவு ஒருநாள் மறைந்து போகும்.

உங்கள் வீட்டருகே வேம்பு இருக்கிறதா? புளி இருக்கிறதா? பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். இன்று பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.