மாவுக்கட்டுக்குள் ஒரு கை!

உங்கள் வகுப்பிலும் யாராவது ஒருவர் கையில் மாவுக்கட்டோடு வந்திருப்பார். கழுத்தில் தூளி மாதிரி ஒரு துணி, அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு கை. சுற்றிலும் கூட்டம். "வலிக்குதாடா?", "எப்படா பிரிப்பாங்க?" என்று கேள்வி மேல் கேள்வி. கட்டின் மேல் பேர் எழுதப் பேனாவோடு ஒரு வரிசை. அன்றைக்கு அவர்தான் வகுப்புக்கு ராஜா!

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப் பல ராஜாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனை மட்டும் மறக்கவே முடியவில்லை.

அப்போது 1988ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டான். மறுநாள் கணக்குப் பரீட்சை. வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் அனுப்பிவிட்டார்கள். பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "டீச்சர், விரல் மரத்துப் போச்சு. வீட்டுக்குப் போறேன்" என்றான். கணக்கு என்றால் அவனுக்கு வேப்பங்காய். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து, "உட்கார்ந்து எழுது" என்று அதட்டிவிட்டேன். அவனும் வாயை மூடிக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். விடைத்தாள் வாங்கப் போனபோதுதான் அவன் விரல்களைப் பார்த்தேன். வாழைப்பூ நிறத்தில், வீங்கி, பளபளவென்று இருந்தன. தொட்டால் ஜில்லென்றிருந்தது. "விரலை ஆட்டுடா" என்றேன். ஆட்ட முடியவில்லை. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கட்டை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே இருந்த பஞ்சையும் வெட்டி விலக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக விரல்களில் சிவப்பு நிறம் திரும்பியது. "இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் இந்தக் கை பழையபடி வேலை செய்திருக்காது" என்றார். எனக்குத் தலை சுற்றியது.

நடந்தது இதுதான். எலும்பு ஒடிந்தால் அந்த இடம் வீங்கும். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடிக்கொண்டே போகும். கட்டோ கல் மாதிரி, விரிந்து கொடுக்காது. உள்ளே இடமில்லாமல் போனால் சதையும் ரத்தக் குழாய்களும் நசுங்கும். ரத்தம் போகாத சதை சில மணி நேரத்தில் செத்துப்போகத் தொடங்கும். அவன் காலையிலிருந்து கையைத் தொங்கப் போட்டபடியே உட்கார்ந்திருந்ததால் வீக்கம் இன்னும் கூடிவிட்டது. ராத்திரியே வலி தொடங்கியிருக்கிறது. மரம் ஏறியதற்கு வாங்கிய திட்டு போதாதா என்று அம்மாவிடம் சொல்லவில்லையாம். பொறுக்க முடியாமல் என்னிடம் சொன்னான். நான் நம்பவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். கட்டுப் போட்ட முதல் சில நாட்கள் கையோ காலோ நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்து அதன் மேல் வையுங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அடிக்கடி விரல்களை மடக்கி நீட்டுங்கள். ஒரு விரல் நகத்தை லேசாக அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம், 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதற்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் நீலம் பூத்தாலோ, வெளுத்தாலோ, மரத்துப் போனாலோ, ஆட்ட முடியாவிட்டாலோ, மருந்து சாப்பிட்டும் வலி ஏறிக்கொண்டே போனாலோ பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு அப்போதே போக வேண்டும். மூங்கில் பட்டை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டானாலும் இதேதான். கட்டு எதுவானாலும் ரத்தம் ஓடியாக வேண்டும்.

சரி, மாவுக்கட்டில் இருப்பது என்ன மாவு? அரிசி மாவா, கோதுமை மாவா? இரண்டும் இல்லை, கல் மாவு! ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகி மாவாகிவிடும். பாரிஸ் நகரத்தில் ஜிப்சம் சுரங்கங்கள் நிறைய இருந்ததால் அந்த மாவுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று பேர். நம் ஊரிலும் அது கிடைக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துப் பக்கம் செம்மண் பள்ளங்களில் ஜிப்சம் பளபளப்பதைப் பார்க்கலாம். இந்த மாவைத் துணியில் தேய்த்துக் கட்டும் முறையை 1851ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தவர் அந்தோனியஸ் மத்தெய்சன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். தண்ணீரில் நனைத்துச் சுற்றியதும் மாவு மறுபடி கல்லாகும். அப்போது கை கதகதவென்று சுடும், பயப்பட வேண்டாம். சில நிமிடத்தில் இறுகினாலும் முழுவதும் காய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை அழுத்திப் பள்ளம் விழ வைத்தால் அந்த மேடு உள்ளே தோலைக் குத்திக்கொண்டே இருக்கும். பேர் எழுத வரும் நண்பர்களை அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள்!

தண்ணீர்தான் இதற்குப் பெரிய எதிரி. நனைந்தால் மாவு ஊறி நொறுங்கும். இப்போது கலர் கலராக வரும் ஃபைபர் கட்டு தண்ணீருக்குக் கரையாது. ஆனால் உள்ளே உள்ள பஞ்சு ஊறிவிட்டால் காயாது; தோல் வெந்து நாற்றமடிக்கும். அதனால் கட்டுப் பிரிக்கும் வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதே நல்லது. குளித்தே தீர வேண்டுமென்றால் பாலித்தீன் பை மாட்டி, கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடியுங்கள்.

அடுத்தது அரிப்பு! இரண்டாவது வாரத்தில் தொடங்கும் பாருங்கள், அப்பப்பா! என் வகுப்புப் பெண் ஒருத்தி பென்சிலை உள்ளே விட்டுச் சொறிந்தாள். பாதி பென்சில் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கட்டைப் பிரித்தபோது பென்சில் துண்டோடு ஒரு புண்ணும் இருந்தது. ஸ்கேல், ஈர்க்குச்சி, ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. பவுடரும் தேங்காய் எண்ணெயும் ஊற்றக் கூடாது. மின்விசிறிக் காற்றில் கட்டைக் காட்டுங்கள், வெளியே மெதுவாகத் தட்டுங்கள். கொஞ்சம் அடங்கும். கட்டிலிருந்து கெட்ட நாற்றமோ, காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இத்தனை நாள் உள்ளே என்ன நடக்கிறது? ஒடிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். பிறகு பசை வைத்ததுபோல மென்மையான ஒரு முடிச்சு உண்டாகும். வாரங்கள் போகப் போக அது கெட்டியாகி எலும்பாகும். காய்ந்த குச்சி 'மடக்'கென்று ஒடியும். பச்சை வேப்பங்குச்சியோ வளைந்து, ஒரு பக்கம் மட்டும் பிளக்கும். உங்கள் எலும்பும் பச்சைக் குச்சி மாதிரிதான். அதனால் தாத்தாவைவிட உங்களுக்குச் சீக்கிரம் கூடும். முன்கை என்றால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம்.

கட்டைப் பிரிக்கும் ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டு அலறாதவர் குறைவு. அதன் வட்டு சுழலாது. இப்படியும் அப்படியும் அதிரும், அவ்வளவுதான். கெட்டியான கட்டை வெட்டும். மெத்தென்ற தோல் அதனோடு சேர்ந்து அசைந்து தப்பித்துக்கொள்ளும். அதற்காக நீங்களே வீட்டில் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்! வெளியே வரும் கை மெலிந்து, தோல் செதில் செதிலாக இருக்கும். சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்தால் தேறிவிடும். மரம் ஏறுவதற்கு மட்டும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை பொறுங்கள்.

அந்தப் பையன் மறுவாரம் புதுக் கட்டோடு பள்ளிக்கூடம் வந்தான். பேர் எழுதப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவன் நேராக என் மேஜைக்கு வந்து, "முதல்ல நீங்க எழுதுங்க டீச்சர்" என்று கையை நீட்டினான். எழுதுவதற்கு முன், விரல்களை ஒருமுறை ஆட்டிக் காட்டச் சொன்னேன். ஐந்தும் ஆடின.